மரக்காணத்தில் நான் பேசிய ஒரு சொல்

கல்லூரி நாட்களில் நான் ஏறாத பேச்சு மேடை கொங்கு நாட்டில் குறைவு. வென்று வந்த கோப்பைகளைத் துடைத்து அடுக்குவது என் தாயாருக்கு வாரந்தோறும் ஒரு வேலையாகவே இருந்தது. ஆயினும், பேசியவற்றுள் எது நிலைத்து நிற்கிறது என்று யாரேனும் கேட்டால், மரக்காணத்து உப்பு மண்டி ஒன்றில், கறுப்புத் தொலைபேசிக்குள் நான் பேசிய ஒற்றைச் சொல்லைத்தான் சொல்வேன். அந்தச் சொல்லும் தமிழன்று.

எண்பதுகளின் இறுதியில் ஒரு கோடை விடுமுறை. பொள்ளாச்சிக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர்க் கல்லூரியில் நான் இளம் விரிவுரையாளன். கணிப்பொறி அறையின் சாவியும் என்னிடமே இருந்தது. சென்னையில் ஒரு கல்லூரி, புதுச்சேரியில் ஒரு கல்லூரி, அடுத்து எங்கள் கல்லூரி ஆகிய மூன்றும் தத்தம் நூலகப் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றியிருந்தன. அந்தப் பட்டியல்களைத் தொலைபேசிக் கம்பி வழியே இணைத்துவிட்டால், எந்த நூல் எங்கே இருக்கிறது என்பதை எந்த மாணவனும் தன் ஊரிலிருந்தே அறியலாம்.

கனவு மூவருக்கும் பொது, தொலைபேசிதான் பொதுவன்று. மற்ற இரு நகரங்களிலும் எண்ணைச் சுழற்றினால் எதிர்முனை மணி அடிக்கும். எங்கள் ஊரிலோ, தொலைபேசி நிலையத்துப் பெண்மணி கையால் கம்பியைச் செருகினால்தான் குரல் ஊர் எல்லையைத் தாண்டும். அத்தகைய இணைப்பில் இது ஓடாது, நாம் இருவர் மட்டும் தொடங்கிவிடுவோம் என்று சென்னைக் கல்லூரியில் பேச்சு எழுந்தது. முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை நடத்துவதென ஏற்பாடு. அதற்கு எங்கள் ஊரைப் போலவே கையால் இணைப்புப் போடும் ஊர் ஒன்று வேண்டும். அவர்கள் இருவருக்கும் எட்டும் தொலைவிலும் அது இருக்க வேண்டும். மரக்காணம் அவ்வாறு வாய்த்தது. அங்கே ஓடினால் எங்கள் ஊரிலும் ஓடும், எங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடாவிட்டால் நாங்கள் வெளியே.

"மிசினு பேசலீன்னாலும் நீ பேசிப்போடுவியப்பா" என்று சொல்லி எங்கள் முதல்வர் என்னை அனுப்பிவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை திண்டிவனத்தில் பேருந்து ஏறினேன். பாதி வழியில் அது பெருமூச்சு விட்டு நின்றது. "எறங்குங்க, எறங்குங்க, ரேடியேட்டர் பூடுச்சு" என்றார் நடத்துநர். கூடையோடு இறங்கிய ஓர் அம்மாள் விடவில்லை: "போன வாரம் டயரு, இந்த வாரம் ரேடியேட்டரு. அடுத்த வாரம் இன்னாப்பா, டிரைவரா?"

உப்பு ஏற்றுவதற்காகக் காலியாகப் போய்க்கொண்டிருந்த லாரி ஒன்று எங்களில் சிலரை ஏற்றிக்கொண்டது. ஓட்டுநரின் பக்கத்தில் எனக்கு இடம். மடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் பாலித்தீன் உறையில் எங்கள் நூலகப் பட்டியல் பதிந்த பிளாப்பித் தட்டு. நானும் என் மாணவர்களும் மாதக்கணக்கில் தட்டச்சிட்ட உழைப்பு அது.

"கைல இன்னா சார், இப்பிடிப் புடிச்சினு வர்றீங்க? நகையா?"

"புத்தகம்ங்க."

"இத்தினியூண்டு டப்பால எத்தினி புத்தகம்?"

"ஒரு லைப்ரரியே இருக்குதுங்க."

ஓட்டுநர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பின்னால் இருந்தவரிடம், "சாரு வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டாரு போலக்குது" என்றார்.

மரக்காணம் நெருங்க நெருங்கப் பசுமை விலகிக்கொண்டே போயிற்று. தென்னைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்தில் வெண்மை என்றால் பருத்தி வெடித்த காடுதான். இங்கோ தரையே வெளுத்துக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீர், வரப்புகளில் குவித்த உப்பு, அதன் மேல் ஓலை வேய்ந்த கூம்புகள். வானம் ஒன்றாக இருந்தும் பாத்திக்கு ஒரு வானம் தெரிந்தது. வாயைத் திறந்தால் காற்றே கரித்தது.

பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் சோறு உண்டேன். வியப்பு என்னவென்றால், சாம்பாரில் உப்பே இல்லை. பரிமாறுபவரிடம் சொன்னேன். அவர் வாசலைக் காட்டி, "வெளில கொட்டிக் கெடக்குது சார், போய் அள்ளிக்கினு வாங்க" என்றார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

சோதனை நடக்கவிருந்த இடம் காதர் பாயின் உப்பு மண்டி. அவருடைய மகள் நூர்ஜஹான் புதுச்சேரிக் கல்லூரியின் கணிப்பொறிப் பிரிவில் பணியாற்றுபவர். பட்டியலைக் கம்பி வழியே அனுப்பும் நிரலை எழுதியவரும் அவரே. அவர் தந்தையின் மண்டியில் தொலைபேசி இருந்ததால்தான் இந்த ஊரே எங்கள் கண்ணில் பட்டது. சென்னைக் கல்லூரியின் சார்பில் வந்திருந்தவர் சேகர். கணிப்பொறியைப் பழைய தலையணைகளில் பொதிந்து, பேருந்தில் தன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தார். "அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுட்டான் பா. ஜன்னல் சீட்டு வேற" என்று அலுத்துக்கொண்டார்.

அன்று மாலையே முதல் வழக்கு தொடங்கியது. நூலாசிரியர் பெயரில் தலைப்பெழுத்து முன்னால் வர வேண்டுமா, பின்னால் வர வேண்டுமா? சென்னை பின்னால் போட்டிருந்தது, நாங்கள் முன்னால், புதுச்சேரி இரண்டு விதமாகவும். மூன்று பட்டியலும் ஒன்றாக வேண்டுமானால் முறையும் ஒன்றாக வேண்டும். நான் எழுந்து நின்றேன். தந்தையின் எழுத்தை முன்னிறுத்துவது தமிழரின் மரபு, மரியாதை, மாண்பு என்று மூன்று தலைப்புகளில் பேசி முடித்தேன். வாசலில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

நூர்ஜஹான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணிப்பொறியின் முன் அமர்ந்தார். என் பிளாப்பியைச் செருகி, பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னார். திரையில் ஏ, கே, பி என்று தலைப்பெழுத்துகள் அணிவகுத்து நின்றன. பெயர்கள் அவற்றின் பின்னால் எங்கோ சிதறிக் கிடந்தன.

"இதுல ஒரு சுப்பிரமணியனைத் தேடிக் குடுங்க சார்" என்றார்.

தேடினேன். கிடைக்கவில்லை. மேடையில் வென்ற வாதம் திரையில் தோற்றது. தலைப்பெழுத்து பின்னால் போவதற்கு நானே முன்மொழிந்து, நானே வழிமொழிந்தேன். "அப்ப மரியாதை?" என்று கேட்டார் சேகர். "மரியாதை மனசுல இருந்தாப் போதுமுங்க" என்றேன்.

சனிக்கிழமை காலை சோதனை. சேகர் ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேல் இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள். தொலைபேசியின் கைப்பிடியை அவற்றில் கவிழ்த்து அழுத்திவிட வேண்டும். கணிப்பொறியின் எழுத்துகளை அப்பெட்டி சீழ்க்கை ஒலியாக்கிக் கம்பிக்குள் அனுப்பும். எதிர்முனையில் உள்ள பெட்டி அந்தச் சீழ்க்கையை மீண்டும் எழுத்தாக்கும். புதுச்சேரியில் நூர்ஜஹானின் சக ஊழியர் அந்தோணி இதே போன்ற பெட்டியுடன் காத்திருந்தார்.

வெளியூர் இணைப்பான ட்ரங்க் கால் கிடைத்தது. கைப்பிடி கவிழ்ந்தது. பெட்டி கீச்சென்று பாடத் தொடங்கியது. மண்டியே கூடிவிட்டது. "இன்னா தம்பி நடக்குது?" என்று காதர் பாய் கேட்க, விளக்க வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக உணர்ந்து விளக்கினேன். கம்பி வழியே அறிவு பாயும் காலம், ஊருக்கு ஊர் சுவர்கள் உடையும் காலம் என்று என் குரல் ஓட்டுக் கூரையைத் தொட்டது. அதற்குள் இணைப்பே அறுந்துபோயிற்று. சேகர் மறுபடியும் இணைப்புக் கேட்டு வாங்கி அந்தோணியிடம் பேசினார். பேசப் பேச அவர் முகம் மாறியது.

"ஏம்பா, பட்டியல் வந்த வரைக்கும் கச்சாமுச்சான்னு இருக்குதாம். ஒரு பேரும் உருப்படியா இல்லையாம். உன் பேச்சு ரப்பரைத் தாண்டி உள்ள ஏறுது பா!"

காதர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப தம்பியோட ஸ்பீச்சு பாண்டி வரைக்கும் போயிருக்குது!"

வாயை மூடிக்கொண்டேன். அடுத்த முறை ஒருவரும் மூச்சு விடவில்லை. பெயர்கள் ஒழுங்காகவே போயின. பிறகு இணைப்பு அறுந்தது. மறுபடி முயன்றோம், மறுபடி அறுந்தது. ஒவ்வொரு முறையும் பட்டியல் ஏறத்தாழ அதே இடம் வரை சென்று நின்றது. நூர்ஜஹான் தன் நிரலைச் சந்தேகித்தார்; சேகர் உப்புக் காற்றைச் சந்தேகித்தார்.

மதியம் காதர் பாய் வீட்டில் நெய்ச்சோறும் இறால் தொக்கும். இறாலை அதுவரை நான் உண்டதில்லை. தட்டில் சுருண்டு கிடந்ததை உற்றுப் பார்த்தேன். "சாப்புடு தம்பி, அது கடிக்காது" என்றார் பாய். முதல் இறாலில் தயக்கம் போயிற்று. பிறகு அதன் சுவையைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. ஆனால் சேகர் மட்டும் சோற்றை அளைந்தபடி இருந்தார்; பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கதிரு, நாளைக்குச் சாயங்காலம் நான் எங்க ஹெச்.ஓ.டி.க்குப் போன் போட்டுச் சொல்லணும். ஓடலைன்னா ஓடலைன்னுதான் சொல்லுவேன். உனக்காகப் பொய் சொல்ல முடியாது பா."

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் கோவை வரை பேருந்தில் போய், நூலகத்தில் நூல் இல்லையென்று திரும்பி வரும் என் மாணவர்களின் முகங்கள் தட்டில் தெரிந்தன. நாங்கள் எதையும் இலவசமாகக் கேட்கவில்லை. வாசலில் நின்று இரந்து கேட்பவர்கள் போல ஆகிவிட்டோமே என்பதுதான் என்னைக் குத்தியது.

தொலைபேசி நிலையம் கடைத்தெருவின் கோடியில் ஓர் ஓட்டுக் கட்டடம். அங்கே போய் முறையிடுவதென்று முடிவு செய்து, வழியெல்லாம் உரையைத் தயாரித்துக்கொண்டு போனேன். இணைப்புப் பலகையின் முன் காதுக்கருவி மாட்டி அமர்ந்திருந்தவர் பெயர் பிலோமினா.

"அம்மா, இரு நகரங்களுக்கு இடையே ஒரு பாலம்..." என்று தொடங்கினேன்.

"ஒரு நிமிஷம் சார்." ஒரு கம்பியைப் பிடுங்கி, இன்னொன்றைச் செருகினார். "ஹாங், சொல்லுங்க. எந்தப் பாலம்?"

மண்டியின் பெயரைச் சொன்னதும் அவர் நிமிர்ந்தார். "நீங்கதானா அது? காலைலேந்து அந்த லைன் ஊளை உடுது சார். நாய் மாட்டிக்கிச்சோன்னு பார்த்தேன்."

"அது கணிப்பொறியோட பேச்சுங்க."

"பேச்சா? அப்ப பதில் சொல்ல வேணாமா? மூணு நிமிஷம் ஆனா நாங்க லைன்ல பூந்து 'ஸ்பீக்கிங்?'னு கேப்போம். 'ஸ்பீக்கிங்'னு பதில் வந்தா உட்டுடுவோம். வரலைன்னா ஆளு இல்லைன்னு அர்த்தம், புடுங்கிடுவோம். உங்களாண்ட கேட்டுக் கேட்டு என் தொண்டைதான் போச்சு."

கைப்பிடி ரப்பருக்குள் கவிழ்ந்து கிடக்கையில் அவர் கேட்டது எங்கள் செவியில் எப்படி விழும்? காலையில் நானே உரையாற்றிக்கொண்டிருந்த போதும் அவர் காதில் சீழ்க்கைதான் ஓங்கிக் கேட்டிருக்கும். எங்களுக்காக மட்டும் அந்த வழக்கத்தை விட்டுக்கொடுக்குமாறு கேட்டேன். அறிவின் பெயரால் கேட்டேன், மாணவர்களின் பெயரால் கேட்டேன், வருங்காலத்தின் பெயரால் கேட்டேன்.

பிலோமினா கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். "ரொம்ப நல்லா பேசுறீங்க சார். இதையே லைன்ல பேசுங்க, நான் புடுங்கவே மாட்டேன்" என்றார். பிறகு சற்று இரக்கத்தோடு, "நான் ஒருத்தி உட்டா ஆச்சா? என் டூட்டி முடிஞ்சா வேற ஆளு. நடுவுல திண்டிவனத்துல ஒருத்தரு, பாண்டில ஒருத்தரு. எல்லாரும் கேக்கத்தான் செய்வாங்க" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. எங்கள் ஊர் நிலையத்திலும் இதைத்தான் கேட்பார்கள். ஊர் ஊராகச் சென்று ஒவ்வொருவரிடமும் உரையாற்றிக்கொண்டிருக்க இயலாது.

உப்பளத்து வரப்பின் வழியே திரும்பினேன். வெயில் தாழ்ந்திருந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த இரு பெண்களில் ஒருத்தி, "வாத்தியாரு தனியாப் பேசினு போறாரு பாரு" என்றாள். மற்றவள், "பொண்டாட்டி ஊர்ல இல்லை போலக்குது, அதான் தெகிரியமாப் பேசுறாரு" என்றாள். எனக்குத் திருமணமே ஆகவில்லை என்று திரும்பிச் சொல்ல நினைத்தேன். அப்போதுதான் உறைத்தது: மூன்று நிமிடம்!

பேச்சுப் போட்டியில் எனக்கு அளந்து கொடுத்த காலமும் அப்படித்தானே? முடிவு மணிக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை மணி அடிக்கும். தேர்ந்த பேச்சாளன் அந்த மணி கேட்டதும் புதிய வாக்கியத்தைத் தொடங்கமாட்டான். எடுத்த வாக்கியத்தை முடித்து, அவையை வணங்கி, அமர்வான். மணிக்கு மேல் பேசி இழுத்து இறக்கப்படுகிறவன் கற்றுக்குட்டி. எங்கள் கணிப்பொறி கற்றுக்குட்டியாகப் பேசிக்கொண்டிருந்தது.

மண்டிக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். கேட்டு முடித்த நூர்ஜஹான், வாயில் வைத்திருந்த பென்சிலை எடுத்தார்.

"மூணு நிமிஷம் ஆகுறதுக்கு முன்னாடி பீப்னு ஒரு சத்தம் போடச் சொல்லலாம் சார். அதுக்கப்புறம் புதுசா ஒரு புத்தகம் ஆரம்பிக்காது. இருக்குறதை முடிச்சிட்டு நின்னுடும்."

"நின்னதும் நான் போனைத் தூக்கிக் காதுல வைக்கறேன்" என்றார் சேகர். அவர் குரலில் உயிர் வந்திருந்தது. "அவங்க கேப்பாங்க, நாம பதில் சொல்லிட்டு மறுபடியும் கவுத்துடலாம். ஆனா தூக்கும்போது, பேசும்போது, கவுக்கும்போது குப்பை எழுத்து உள்ள போகுமே?"

"அடுத்த புத்தகத்துக்கு முன்னாடி ஒரு அடையாளம் வச்சிடுறேன். அந்த அடையாளம் வர்ற வரைக்கும் காதுல விழுறதை எல்லாம் தூக்கிப் போடச் சொல்லி அந்தோணி சாருக்கும் சொல்லிடலாம்." நூர்ஜஹான் என் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கினார். "நீங்க பேசுறதை மிஷின் தூக்கிப் போட்டுடும் சார். தப்பா நெனச்சுக்காதீங்க."

"நான்தான் பேசறதுங்களா?"

"வேற யாரு?" என்றார் சேகர். "கப்பு வாங்கினவன் நீதானே பா."

தலைப்பெழுத்தில் என்னை வீழ்த்தியவரும், என்னைக் கழற்றிவிடக்கூடியவரும், நானும் ஒரே மேசையின் மூன்று பக்கத்தில் குனிந்து, யார் கல்லூரி என்பதை மறந்து வேலை செய்த மாலை அது. காதர் பாய் தேநீர் அனுப்பிக்கொண்டே இருந்தார். நூர்ஜஹான் எழுத, சேகர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல, நான் கைப்பிடியைத் தூக்கவும் கவிழ்க்கவும் பழகினேன். அந்தோணிக்குத் தொலைபேசியிலேயே வரி வரியாகச் சொல்லி, அவர் பக்கத்து நிரலையும் மாற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி பூசை முடிந்து வரும்வரை காத்திருந்தோம். காதர் பாய் வாசலில் நின்று, "கொஞ்ச நேரம் லோடு ஏத்தாதீங்கப்பா. எவனும் இருமக்கூட கூடாது" என்று ஆணையிட்டார். சுமை ஏற்றுபவர்கள் மூட்டைகளின் மேல் வரிசையாக அமர்ந்தார்கள். "இன்னா பாய், மௌன விரதமா?" என்று ஒருவர் கிசுகிசுக்க, மற்றவர் அவர் வாயைப் பொத்தினார்.

பெட்டி பாடத் தொடங்கியது. எங்கள் கல்லூரிப் பட்டியல்தான் போயிற்று. திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பீப் என்றது. எடுத்த நூலை முடித்துக்கொண்டு கணிப்பொறி, தேர்ந்த பேச்சாளனைப் போல நின்றது. சேகர் கைப்பிடியைத் தூக்கி என் வாயருகே நீட்டினார். கம்பிக்குள் பிலோமினாவின் குரல்: "மூணு நிமிஷம் ஆச்சு. ஸ்பீக்கிங்?"

"ஸ்பீக்கிங்!" என்றேன்.

கைப்பிடி கவிழ்ந்தது. பாட்டுத் தொடர்ந்தது. அடுத்த பீப், அடுத்த "ஸ்பீக்கிங்". இணைப்பு அறவில்லை. நேற்று அறுந்த இடத்தைத் தாண்டிப் பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. சேகர் என் தோளைப் பற்றியிருந்தார். எவ்வளவு இறுக்கமாக என்பது மறுநாள்தான் தெரிந்தது.

பட்டியல் முடிந்து, பெட்டி ஓய்ந்ததும் கைப்பிடியை என்னிடம் கொடுத்தார்கள். எதிர்முனையில் அந்தோணி.

"எல்லாம் சுத்தமா வந்துடுச்சு சார். எங்க பட்டியலோட சேர்ந்தும் போச்சு. ஒண்ணு கேக்கணும். கிணத்துப் பாசனத்தைப் பத்திப் பழைய புத்தகம் ஒண்ணு உங்க லிஸ்ட்ல இருக்குது பாருங்க. எங்க புரொபசர் ஒருத்தர் அதை ரொம்ப நாளாத் தேடினு இருக்காரு. மெட்ராஸ்ல எல்லாம் கேட்டுப் பார்த்துட்டாரு, கெடைக்கல. நீங்க அனுப்புவீங்களா?"

கைப்பிடியைப் பொத்திக்கொண்டு சேகரிடம் அந்த நூலைச் சொன்னேன். "எங்ககிட்ட இல்ல பா அது" என்றார் அவர், சற்றே பொறாமையோடு. "சாயங்காலம் எங்க ஹெச்.ஓ.டி.கிட்ட இதையும் சேர்த்தே சொல்றேன். மூணு காலேஜு. மூணுதான்."

அந்த நூல் எனக்குத் தெரியும். எங்கள் நூலகத்தின் கடைசி அலமாரியில், ஒருவரும் தொடாமல் இருந்தது. வாசலில் நிற்கிறோம் என்று குமைந்துகொண்டு வந்தவனிடம் உள்ளிருந்து ஒருவர் கை நீட்டிக் கேட்கிறார். எத்தனையோ அவைகளுக்கு நன்றியுரை ஆற்றியவன் நான். அன்று கைப்பிடியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லும் எழவில்லை. மண்டி முழுவதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணு நிமிஷம் ஆச்சு" என்றது கம்பி. "ஸ்பீக்கிங்?"

நான் பேசவில்லை.

"ஸ்பீக்கிங்? யாரும் இல்லையா? புடுங்கிடட்டா?"

"சார், சொல்லுங்க சார்!" என்று நூர்ஜஹான் என் முழங்கையில் பென்சிலால் குத்தினார்.

"ஸ்பீக்கிங்" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் பேசியதில்லை. "ஸ்பீக்கிங்ங்க."

"ஹாங், சரி" என்றார் பிலோமினா. "பேசுங்க சார், பேசுங்க."